சபைக்கு எவ்வளவு கொடுப்பது? சந்தா, பங்கு, தசமபாகம்: ஓர் ஒப்பீடு

கிறிஸ்தவ சபைக்குத் தசமபாகம், அதாவது சம்பளத்தில் பத்தில் ஒன்று என்றால் பிஎஃப் பிடிப்பதற்கு முன்பா, பின்பா? வீட்டுக் கடன் தவணை கட்டியது போக மிஞ்சுவதில் கொடுத்தால் தப்பா? ஊர்ச் சபைக்கும் கொடுத்து, சென்னையில் போகிற சபைக்கும் கொடுக்க வேண்டுமா? கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த பிள்ளைகள் இந்தக் கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அப்பா அம்மா காலத்தில் சந்தாப் புத்தகம் என்று ஒன்று அலமாரியில் இருந்தது. மாதா மாதம் சபை ஊழியர் வந்தார், வாங்கினார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. இப்போது ஆலய வாசலில் ஜிபே அட்டை ஒட்டியிருக்கிறது. எவ்வளவு என்ற கட்டம் காலியாக இருக்கிறது, நாம்தான் எண்ணை அடிக்க வேண்டும்.

நான் சில வருஷம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பொருளாளர். ஆராதனை முடிந்து ஆலயத்தின் வெஸ்ட்ரி அறையில் மேசை மேல் காணிக்கைப் பைகளைக் கொட்டி எண்ணும் இடத்தில் இருந்தவன். அங்கிருந்து பார்த்தால் சில விஷயங்கள் வேறு மாதிரித் தெரியும். கடையில் யாரும் வாங்காத கிழிந்த பத்து ரூபாய் நோட்டுகள் கடைசியில் எங்கே போய்ச் சேர்கின்றன என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், எனக்குப் பதில் தெரியும்.

## எதை வைத்து அளப்பது

வழிகளைப் பார்ப்பதற்கு முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது வீட்டுக் கடமை. வயதான பெற்றோர், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், கடன். தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியைவிடக் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 நேராகவே சொல்கிறது. மாற்கு 7-இல் தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் 'கொர்பான்' என்று சொல்லிக் காணிக்கையாக ஒதுக்கியவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். காணிக்கைப் பிரசங்கங்களில் இந்த இரண்டு இடங்களும் அவ்வளவாக எடுபடுவதில்லை.

இரண்டாவது, சபை நடக்க உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பது. மூன்றாவது, உங்கள் வருமானம் வரும் விதம்: மாதச் சம்பளமா, கடை லாபமா, வருஷத்தில் சில மாதம் மட்டும் வருகிற பணமா. நான்காவது, கணக்கு கண்ணுக்குத் தெரிகிறதா. ஐந்தாவது, இந்தத் தொகையோடு ஒட்டி வரும் உரிமையும் நெருக்கடியும். சிஎஸ்ஐ சபைகளில் சந்தா பாக்கி இருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் நிற்காது. திருமண அறிவிப்பான கல்யாண ஓலை வாசிக்கவோ கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கவோ போகும்போது பல சேகரங்களில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) முதலில் புரட்டுவது சந்தா ரிஜிஸ்டரைத்தான்.

இந்த ஐந்துக்கும் அடியில் ஒரு பிரிவினை இருக்கிறது. அதைச் செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நாம் உட்காரும் பெஞ்சுக்கும், ஓடும் ஃபேனுக்கும், குருவானவர் சம்பளத்துக்கும் ஆகிற செலவில் நம் பங்கு ஒன்று உண்டு. அது நாம் கட்ட வேண்டிய பாக்கி. அதற்கு மேல் கொடுப்பது காணிக்கை. பாக்கியைக் காணிக்கை என்று எண்ணிக்கொண்டால் இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டுத் தாராளம் என்று நினைப்போம். காணிக்கையைப் பாக்கி என்று எண்ணிக்கொண்டால் கொடுக்க முடியாத மாதம் கடன்காரனைப் போலக் கூனிக் குறுகுவோம்.

கணக்குக்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவன் மனைவி இருவரின் மொத்தச் சம்பளம் மாதம் ₹70,000. பிடித்தம் போகக் கைக்கு வருவது ₹60,000. வீட்டுக் கடன் தவணை ₹18,000, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ₹8,000. அவர்கள் போகும் சபையில் 150 குடும்பம்.

## பழகிய வழி: சந்தா, ஞாயிறு பை, பண்டிகை

மாதச் சந்தா முன்னூறு, ஞாயிறுதோறும் பையில் நூறு, அப்புறம் வருஷத்தில் வந்து விழுகிறவை. நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

வந்து விழுகிறவற்றை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பிறந்தநாள், திருமண நாள் ஸ்தோத்திரக் காணிக்கை, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து கால உறை, கன்வென்ஷன், வாலிபர் சங்கம், பெண்கள் ஐக்கிய சங்கம், விடுமுறை வேதாகமப் பள்ளி நோட்டீஸ், கிறிஸ்மஸுக்கு நடுராத்திரி கதவைத் தட்டும் கேரல் குழு. இவற்றுக்கெல்லாம் மேல் அறுப்பின் பண்டிகை ஏலம். ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் முருங்கைக்காய்க் கட்டு, வாழைத்தார், கால் கட்டிய சேவல் எல்லாம் வரிசையில் இருக்கும். பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் "ஐந்நூறு ஒரு தரம்" என்பார். எதிர்த் தெரு அண்ணாச்சி அறுநூறு என்பார். உங்கள் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். கடையில் அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும் காயை ஆயிரத்துக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, அதை வெட்ட ஆள் தேடுவீர்கள். எனக்கு அந்த ஏலம் பிடிக்கும். அந்த ஒரு நாள் சபை சபையாக இருக்கும். ஆனால் அதுவும் கொடுத்த கணக்கில்தான் சேரும். நம் குடும்பத்துக்கு இவையெல்லாம் சேர்ந்து வருஷம் ₹9,600 என்று வைத்தால், சந்தாவும் பையும் சேர்த்து மாதம் ₹1,500 ஆகிறது.

இந்த வழியின் நல்லது, வீட்டுக் கடமையை இது தொடுவதே இல்லை. ஓய்வூதியத்தில் இருப்பவர், படிக்கிற பிள்ளை, நாள் கூலிக்குப் போகிறவர் இவர்களுக்கெல்லாம் இது போதும், தாராளமாகவே போதும். சந்தா ஒழுங்காக இருப்பதால் வாக்குரிமையும் பத்திரம்.

கெட்டது, தொகை உறைந்துபோகிறது. அப்பா பெயரில் எழுதிய நூறு ரூபாய்ச் சந்தா மகன் பெயருக்கு மாறியும் நூறாகவே நிற்கிறது, மகன் ஐடி கம்பெனியில் டீம் லீடாக இருந்தாலும். இன்னொன்று, பெயர் வாசிக்கிற காணிக்கைக்குத்தான் கை நீள்கிறது. "குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை ரூபாய் இரண்டாயிரம்" என்று அறிவிப்பில் கேட்க இனிமையாக இருக்கும். கரண்ட் பில்லுக்கு யார் பெயரையும் வாசிக்க முடியாது. ஆகவே பண்டிகைக்குப் பணம் குவியும், ஜூன் ஜூலையில் சபைக் கணக்கு வறண்டு கிடக்கும்.

## சபைச் செலவில் என் பங்கு

இதை யாரும் பிரசங்கிப்பதில்லை, ஆனால் முதலில் செய்து பார்க்க வேண்டிய கணக்கு இதுதான். வருஷாந்தரக் கூட்டத்தில் வைக்கும் வரவு செலவை வாங்குங்கள். கட்டடம் கட்டிய வருஷத்தை விட்டுவிட்டு, சாதாரண வருஷத்து நடப்புச் செலவைப் பாருங்கள்: பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்துக்குக் கட்டுவது, சபை ஊழியர், கோயில் காவலாளி, மின்சாரம், ஆர்கன் பழுது, பாடகர் குழு, ஏழை நிதி. நம் எடுத்துக்காட்டுச் சபைக்கு மாதம் ₹2,25,000 ஆகிறது என்று வைப்போம். 150 குடும்பத்துக்குப் பிரித்தால் தலைக்கு ₹1,500.

அங்கே நிறுத்திவிடக் கூடாது. எந்தச் சபையிலும் விதவைகள் இருப்பார்கள், வேலையில்லாதவர்கள் இருப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு குடும்பத்தால் பங்கு கட்ட முடியாது என்று எடுத்துக்கொண்டால், மீதி 100 குடும்பத்தின் தலையில் ₹2,250 விழுகிறது. ₹60,000 கைக்கு வரும் வீடு அந்த நூறில் ஒன்று. முன் சொன்ன ₹1,500-இல் பாதிக்கு மேல் பண்டிகைக்கும் சங்கங்களுக்கும் போய்விடுவதால், தாராளமாகக் கொடுப்பதாக எண்ணியிருந்த குடும்பம் தன் பாக்கியில் பாதியைக்கூடக் கட்டவில்லை என்று தெரிகிறது.

சிறிய தனிச் சபைகளில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாக இருக்கும். முப்பது குடும்பம் கூடும் பெந்தெகொஸ்தே சபையில் பாஸ்டருக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. மண்டப வாடகையும், மைக் செட்டும், அவர் வீட்டு அரிசியும் விசுவாசிகள் கொடுப்பதிலிருந்துதான். இரண்டு குடும்பம் வேறு ஊருக்கு மாறினால் அந்த மாத வாடகை நிற்கும். பின்னால் திருமண்டலமும் பழைய சொத்தும் இருக்கிற சபைக்காரர்களுக்கு இது புரிவதில்லை.

கத்தோலிக்கரிடம் இந்த வழி ஏறக்குறையச் சட்டமாகவே இருக்கிறது. திருச்சபையின் தேவைகளுக்கு உதவ விசுவாசிகள் கடமைப்பட்டவர்கள் என்று திருச்சபைச் சட்டம் 222 சொல்கிறது, சதவீதம் எதுவும் சொல்லவில்லை. எவ்வளவு என்பதை ஊரே முறை வைத்துக்கொண்டது. குமரி மாவட்டக் கடற்கரையில் பிடித்த மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு என்பது அப்படி வந்த முறை. ஜெர்மனியில் அரசே வசூலித்துக் கொடுத்துவிடுகிறது: பதிவு செய்த கத்தோலிக்கரும் லுத்தரன்களும் தங்கள் வருமான வரி மீது 9 சதவீதம், பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதம் திருச்சபை வரி கட்ட வேண்டும். வருமானத்தில் அல்ல, கட்டுகிற வரியின் மேல். ஆண்டுதோறும் கெவெலார் மாதா கோயிலில் திரளும் ஈழத் தமிழர்களில் சம்பளச் சீட்டில் இந்த வரியைப் பார்த்தவர்களுக்கு, எவ்வளவு என்ற கேள்வியில் பாதி அங்கேயே முடிந்துபோகிறது.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு பணமாக இல்லை. கணக்கு கேட்டால் சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். வேறு சில இடங்களில் அதைவிட மோசம்: "நீங்களே கமிட்டிக்கு வந்துவிடுங்களேன்" என்பார்கள். அப்படித்தான் பொருளாளர்கள் உண்டாகிறார்கள்.

குறை ஒன்று உண்டு. நிறையச் சம்பாதிக்கிறவர் ₹2,250 கட்டிவிட்டு முடிந்தது என்று போய்விடலாம். சபைக்கு வெளியே இருக்கும் ஏழைக்கு இதில் இடமே இல்லை. ஆகவே இது தரை, கூரை அல்ல.

## தசமபாகம், முழுவதும் சபைக்கே

பத்தில் ஒன்று என்பதன் பலம் அதன் எளிமை. மாதா மாதம் மனசோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சம்பளம் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். பழகிய வழியின் உறைநிலை நோய்க்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

வேதத்தில் அது இருக்கும் விதம் மேடையில் சொல்லப்படுவதைவிடச் சிக்கலானது. லேவியராகமம் 27-இல் தசமபாகம் விளைச்சலிலும் ஆடுமாட்டிலும் எடுக்கிறது. உபாகமம் 14-இல் அதைக் குடும்பத்தோடு ஆண்டவர் சந்நிதிக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்கிறது. இடம் தூரமாயிருந்தால் விற்றுக் காசாக்கி, அங்கே போய் இஷ்டப்பட்டதை வாங்கிச் சாப்பிடலாம். கோயிலில் எல்லாரும் கூடிச் சாப்பிடும் நம் ஊர் அசன விருந்துக்கு இதைவிட நெருங்கின வசனம் கிடையாது. மூன்றாம் வருஷத்துப் பங்கு ஆலயப் பணி செய்யும் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லி மல்கியா 3:10 குறிப்பிடும் பண்டசாலை தேவாலயத்துத் தானியக் கிடங்கு. புதிய ஏற்பாட்டில் பவுல் சதவீதம் போடவில்லை. 1 கொரிந்தியர் 16:2-இல் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைக்கச் சொல்கிறார், 2 கொரிந்தியர் 9:7-இல் மனதில் நியமித்தபடி, விசனமும் கட்டாயமும் இல்லாமல் என்கிறார். ஆகவே பத்து என்பதை நல்ல பழக்கமாக எடுத்துக்கொள்கிறேன். கொடுக்காதவன் வீட்டில் நோய் வரும் என்று பயமுறுத்துகிறவரிடமிருந்து விலகி நிற்கிறேன்.

எதில் பத்து? நம் குடும்பத்துக்கு மொத்தச் சம்பளத்தில் என்றால் ₹7,000. கைக்கு வருவதில் என்றால் ₹6,000. தவணையும் பெற்றோர் செலவும் போக மிஞ்சும் ₹34,000-இல் என்றால் ₹3,400. மூன்றுக்கும் இடையில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். என் கருத்து: கைக்கு வருவதிலிருந்து தொடங்குங்கள். பிஎஃப் ஓய்வு பெறும்போது கைக்கு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதும் கொடுத்து அப்போதும் கொடுப்பது இரட்டிப்பு. பெற்றோருக்கு அனுப்புவதைக் கழித்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை, கொர்பான் வசனம் போதும். வீட்டுக் கடன் தவணையில் தயங்குகிறேன். வாடகைக்கு இருப்பவர் வாடகையைக் கழிப்பதில்லை, தவணை கட்டுகிறவருக்கோ கடைசியில் வீடு சொந்தமாகிறது.

கடை வைத்திருப்பவருக்கு விற்றுமுதலில் பத்து என்றால் கடையையே மூட வேண்டியதுதான். சரக்கு, வாடகை, ஆள் கூலி போக நிற்கும் லாபத்தில் எடுக்க வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துக் கப்பல்காரர்கள் சில மாத ஒப்பந்தத்தில் கை நிறையச் சம்பாதித்துவிட்டு, அடுத்த கப்பல் கிடைக்கும்வரை வீட்டில் இருப்பார்கள். கப்பலில் இருக்கும் மாதங்களில் பத்து பத்தாகக் கொடுத்துவிட்டுக் கரையில் கையைக் கடித்துக்கொள்வதைவிட, வருஷ வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதத் தொகை வைத்துக்கொள்வது நல்லது. பனைத்தொழில், உப்பளம் எதற்கும் இதே கணக்குதான்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. உறையில் பெயரும் தொகையும் எழுதினால் உங்கள் சம்பளம் எவ்வளவு என்று சபையில் யாருக்கோ தெரிந்துவிடும், பத்தால் பெருக்கத் தெரியாதவர் யார்? இரண்டு, தங்க நகைக் கடனும் கிரெடிட் கார்டு பாக்கியும் வைத்துக்கொண்டு தசமபாகம் கொடுத்தால், உண்மையில் அதைக் கொடுப்பது வட்டிக்கு வாங்கிய பணத்தில். கந்துவட்டியில் மாட்டியிருக்கும் குடும்பம் முதலில் அதைத் தீர்க்கட்டும். அதுவரை சந்தா போதும். மூன்று, முழுத் தொகையும் ஒரே இடத்துக்குப் போவதால் அந்த இடத்துக் கணக்கு சுத்தமாக இருந்தே ஆக வேண்டும். தணிக்கை அறிக்கை கிடையாது, பாஸ்டர் சொந்தக் கணக்குக்கு ஜிபே, சபைச் சொத்து குடும்பத்தார் பெயரில் என்றால் மொத்தத்தையும் அங்கே கொட்டுவதற்கு எனக்கு மனம் வராது.

இந்த வழி யாருக்கு? சிறிய சபைக்குப் போகிற, கடன் இல்லாத, கணக்கு தெரிகிற குடும்பத்துக்கு. அங்கே உங்கள் பத்து இல்லாவிட்டால் சபையே ஆட்டம் காணும்.

## தசமபாகத்தைப் பிரித்துக் கொடுப்பது

பெரிய சபைகளில் இருப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். ₹6,000 ஒதுக்குங்கள். அதில் ₹2,250 சபைச் செலவில் உங்கள் பங்கு, முதலில் அது. மீதி ₹3,750-ஐ மிஷனெரிக்கும், ஏழைப் பிள்ளை படிப்புக்கும், ஊர்ச் சபைக்கும் பிரியுங்கள்.

திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்கு இது புதிதல்ல. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தொடங்கியபோது, பின்னாளில் தோர்ணக்கல் பேராயரான வே. ச. அசரியா அதன் முன்னோடிகளில் ஒருவர். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆட்கள், நம் காசு என்பது கொள்கை. வீடுகளில் பெண்கள் உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள், பானை நிறைந்தால் கோயிலுக்குப் போகும். சம்பளமே இல்லாத ஒருத்தி நாளுக்கு இரண்டு வேளை, வீட்டுக்காரரைக் கேட்காமல், கொடுக்க முடிந்த முறை அது. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான காணிக்கைத் திட்டத்தை நான் எந்தக் கமிட்டியிலும் கேட்டதில்லை.

பிரித்துக் கொடுப்பது வேறொரு சிக்கலையும் அவிழ்க்கிறது. கணவர் பரம்பரை சிஎஸ்ஐ, மனைவிக்கு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வேறு சபையில். சந்தா இங்கே, தசமபாகம் அங்கே என்று சொல்லாமலே நடந்துகொண்டிருக்கும், ஒரு நாள் வீட்டில் வெடிக்கும். ஒதுக்கிய மொத்தம் ஒன்று, பங்கு இரண்டு என்று இருவரும் உட்கார்ந்து எழுதிவிட்டால் சண்டைக்குப் பொருள் குறையும். ஊர்ச் சபையும் அப்படித்தான். அப்பா கல்லறை இருக்கும் இடம், கோபுரம் கட்ட நோட்டீஸ் அனுப்பினால் மறுக்க முடியாது. அதற்கென்று வருஷத்துக்கு ஒரு தொகையை முன்கூட்டியே வைத்துவிட்டால், சென்னைச் சபையின் மாதப் பங்கைத் தொட வேண்டியிராது.

வரி விஷயத்திலும் இங்கே கொஞ்சம் லாபம் உண்டு. ஆராதனைச் செலவுக்குச் சபைக்குக் கொடுப்பது பொதுவாக 80ஜி என்று வழங்கும் நன்கொடை வரிக் கழிவில் வராது. மத்திய அரசு அறிவிக்கை செய்த புகழ்பெற்ற ஆலயங்களின் பழுதுபார்ப்புக்கு மட்டும் தனி இடம் இருக்கிறது. 80ஜி பதிவுள்ள பள்ளி, மருத்துவமனை, ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுத்தால் கழிவு கிடைக்கும், ஆனால் பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும். ₹2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது.

குறைகள்: நாலு இடத்து ரசீது, நாலு இடத்துச் செய்தி மடல், யார் உண்மையான மிஷனெரி என்று விசாரிக்கும் வேலை. அதோடு, எனக்குப் பிடித்ததற்கு மட்டும் கொடுப்பேன் என்ற முதலாளி மனப்பான்மை மெல்ல ஏறிவிடும். சபைப் பங்கை முதலில் எடுத்து வைக்கச் சொல்வது அதனால்தான். முப்பது குடும்பச் சபையில் இருப்பவர்கள் இந்த வழிக்கு வர வேண்டாம். அங்கே பிரிப்பதற்கு மிச்சம் இருக்காது.

## ஏறு விகிதம்

வருமானம் கூடக் கூடச் சதவீதமும் கூட வேண்டும் என்பது இதன் அடிப்படை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 30 பவுண்டு வருமானத்தில் 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார், வருமானம் 60, 90, 120 என்று ஏறியபோதும் அதே 28-இல் வாழ்ந்து மீதியைக் கொடுத்தார் என்பார்கள். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம். வீடு நடக்க ₹40,000 என்று வைத்து அதில் 5 சதவீதம், அடுத்த பத்தாயிரத்தில் 10, அதற்கடுத்த பத்தாயிரத்தில் 15 என்றால் நம் குடும்பத்துக்கு ₹4,500 வருகிறது. இப்போதைக்குத் தசமபாகத்தைவிடக் குறைவு. சம்பளம் ஒரு லட்சத்தைத் தாண்டும்போது மேலே உள்ளதற்கெல்லாம் 15 என்று வைத்தாலே ₹10,500, பத்தைக் கடந்துவிடும். குறைந்த வருமானக்காரரை நசுக்காது என்பதால் எல்லாவற்றிலும் நியாயமானது இதுதான். ஆனால் எக்ஸெல் திறக்கிற வீட்டில்தான் நிலைக்கும்.

## எண்கள் ஒரே இடத்தில்

| வழி | மாதம் | வருஷம் | எங்கே இடறும் |
|---|---|---|---|
| பழகிய வழி | ₹1,500 | ₹18,000 | தொகை உறைந்துவிடும் |
| செலவில் பங்கு | ₹2,250 | ₹27,000 | வெளியே உள்ளவருக்கு ஒன்றுமில்லை |
| தசமபாகம், கடமை போக | ₹3,400 | ₹40,800 | எதைக் கழிப்பது என்ற வாக்குவாதம் |
| ஏறு விகிதம் | ₹4,500 | ₹54,000 | கணக்குப் போடச் சலிப்பு |
| தசமபாகம், கைக்கு வருவதில் | ₹6,000 | ₹72,000 | கடன் இருந்தால் வட்டிப் பணம் |
| தசமபாகம், மொத்தத்தில் | ₹7,000 | ₹84,000 | பிஎஃப்புக்கு இரு முறை |

முதல் வருஷம் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் ₹2,250 வரிசையில் நில்லுங்கள். ஒரு வருஷம் தவறாமல் கட்டிப் பாருங்கள். ஆகஸ்டில் பள்ளிக் கட்டணத்தோடு அது எப்படி நடந்துகொண்டது என்று தெரிந்த பிறகு மேலே ஏறுங்கள். தொகையை ஜனவரியிலோ ஏப்ரலிலோ வீட்டு மேசையில் முடிவு செய்யுங்கள், பிரசங்கம் கேட்டுக் கண் கலங்கியிருக்கும்போது வேண்டாம்.

## நடுவில் வந்து கேட்பவை

கட்டட நிதிக்கு வாக்குறுதி அட்டை கொடுப்பார்கள். எழுதும் முன் மூன்றைக் கேளுங்கள்: மொத்த மதிப்பீடு என்ன, எவ்வளவு கையில் இருக்கிறது, மனை யார் பெயரில். பதில் வந்தால் ஒரு முறைத் தொகையாகக் கொடுங்கள், மாதப் பங்கிலிருந்து எடுக்காதீர்கள்.

"விதைப்புக் காணிக்கை ஐயாயிரம் அனுப்புங்கள், கடன் தீரும்" என்று தொலைக்காட்சியில் கேட்பவருக்கு என் பதில் சுருக்கமானது. கடன் இருந்தால் அந்த ஐயாயிரத்தைக் கடனில் கட்டுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் கோபுரத்துக்குப் பணம் அனுப்புகிறேன் என்றால் முதலில் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அமெரிக்க, கனடிய, பிரித்தானியக் குடியுரிமை வாங்கியிருந்தால், வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்புதான் வாங்கலாம், அதுவும் புது தில்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில். பதிவில்லாத சபையின் உள்ளூர்க் கணக்கில் போட்டுவிட்டால் கமிட்டிக்காரர்கள் அல்லாட வேண்டியிருக்கும்.

வேலை போய்விட்டால் அந்த மாதமே குறையுங்கள். சேமிப்பிலிருந்து எடுத்துப் பழைய தொகையைக் காப்பாற்ற வேண்டியதில்லை. பாக்கி, காணிக்கை என்று முதலில் செய்த பிரிவினைக்குத் திரும்புங்கள்: காணிக்கை முழுவதையும் நிறுத்தலாம், பங்கைக் குறைக்கலாம், சந்தா மட்டும் விடாதீர்கள், அதில் உங்கள் ஓட்டு இருக்கிறது. அதுவும் முடியவில்லை என்றால் குருவானவரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரும்பாலான கமிட்டிகள் இப்படிப்பட்ட பாக்கியைச் சத்தமில்லாமல் தள்ளுபடி செய்துவிடும். சொல்லாமல் விட்டால், வருஷாந்தர அறிக்கையில் பாக்கிப் பட்டியல் அச்சாகி வந்த பிறகுதான் எல்லாருக்கும் தெரியும், அப்போது பெயரை எடுக்கப் பொருளாளராலும் முடியாது.